பாடிக்கொண்டே இருந்த ஜெர்மன் பாட்டியின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஒரு பாட்டியின் வாழ்க்கையைத் தொகுக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: பிறந்த தேதி, கப்பல் பெயர், கல்யாண வருடம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவர் என்னென்ன பாடினார் என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். தேதி காகிதத்தில் இருக்கிறது, எங்கேயும் ஓடிவிடாது. பாட்டு ஆட்களின் நினைவில் இருக்கிறது. அந்த ஆட்களுக்கோ வயதாகிக்கொண்டு போகிறது.

நான் தொகுத்தது என் மாமியாரின் அம்மாவைப் பற்றி. வீட்டில் எல்லோருக்கும் அவர் ஓமா. ஜெர்மன் வீடுகளில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்போது ஜெர்மனியின் பிரஷ்ய மாநிலத்தில் இருந்து, இப்போது பெரும்பாலும் போலந்தில் இருக்கும் சைலீசியாவில், ப்ரெஸ்லா நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1927ல் பிறந்தவர். 1945 ஜனவரியில் சோவியத் படை நெருங்கியபோது ஊரை விட்டு ஓடி, வடமேற்கு ஜெர்மனியில், லோயர் சாக்சனியில் ஒரு பண்ணை வீட்டு மாடியில் சில வருடம் ஒண்டியிருந்து, 1952ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகருக்கு வந்து சேர்ந்தார். நான் பேரன் மனைவியாக அந்த வீட்டுக்குள் போனபோது எனக்கு ஜெர்மனில் ஒரு சொல் தெரியாது. என் ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் புரியும். சமையலறையில் நாங்கள் பேசிக்கொண்டதை விட அவர் பாடி நான் கேட்டதுதான் அதிகம். உருளைக்கிழங்குத் தோல் சீவ ஒரு பாட்டு, துணி மடிக்க ஒரு பாட்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழு, வாரத்தில் ஒரு மாலை ஜெர்மன் பெண்கள் பாட்டுக் குழு.

பட்டியலைக் கேட்டு வாங்கும் விதம்

"உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாமே பிடிக்கும் என்று பதில் வரும், பேச்சு அத்தோடு நின்றுவிடும். வேலையையும் நேரத்தையும் வைத்துக் கேளுங்கள். குழந்தையைத் தூங்க வைக்க எது? கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களில் எது? காரில் போகும்போது? சாவு வீட்டில்? பள்ளியில் சொல்லிக்கொடுத்தது எது, பள்ளிக்குத் தெரியாமல் பாடியது எது? ஒவ்வொரு பாட்டு வந்ததும் அதை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு இன்னும் மூன்று கேள்வி: யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், எந்த இடத்தில் நின்றுகொண்டு, கூட யார் பாடினார்கள்? "உங்கள் சிறுவயது எப்படி இருந்தது" என்ற கேள்விக்கு இரண்டு வாக்கியம் கிடைத்தால், "இந்தப் பாட்டில் இரண்டாவது குரல் யார் பாடுவார்கள்" என்ற கேள்விக்கு அரை மணி நேரம் கிடைக்கும்.

பாட்டி உயிரோடு இருந்தால் இன்னொரு உத்தி உண்டு, எனக்கு அதிகம் பலன் கொடுத்தது அதுதான்: பாட்டைத் தப்பாகப் பாடுங்கள். பாடத் தெரிந்தவர்களால் அதைச் சகித்துக்கொள்ளவே முடியாது. நான் சின்ன வயதில் கொஞ்சம் கர்நாடக சங்கீதம் கற்றவள். ஓமாவின் மெட்டு ஒன்றை எடுத்துப் பாடினால் என்னையறியாமல் கமகம் ஒட்டிக்கொண்டு வரும். "இழுக்காதே, நேராகப் பாடு" என்பார். ஒருநாள் அதோடு நிறுத்தவில்லை. "என் அப்பா மட்டும் இருந்திருந்தால் உன்னை ஆர்கன் பக்கத்தில் நிற்க வைத்து இருபது தடவை பாடச் சொல்லியிருப்பார்" என்றார். ஆர்கனா? ஓமாவின் அப்பா ஏதோ கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவர் என்றுதான் என் மாமியார் அதுவரை நினைத்திருந்தார். கணக்குப் பார்த்ததெல்லாம் அகதியாகப் போன பிறகு. சொந்த ஊரில் அவர் கிராமப் பள்ளி ஆசிரியர், அந்த ஊர் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவரும் அவரே. பிரஷ்யக் கிராமங்களில் இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருப்பது சகஜம். ஒரு குடும்பத்தின் கதையே மாறிவிட்டது, என் கமகத்தால்.

பாட்டி காலமாகிவிட்டார் என்றால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், குழுவில் கூடப் பாடியவர்கள் என்று போங்கள். எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்காதீர்கள். மூத்தவர் சொன்னதே முடிவாகிவிடும். தனித்தனியாகக் கேளுங்கள், பாடச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். பலருக்கு ஜெர்மன் தெரியாது, காதில் விழுந்ததை அப்படியே உருட்டுவார்கள். பரவாயில்லை, அதைத் திருத்தாதீர்கள். காதில் விழுந்த அந்த உச்சரிப்பில் பாட்டியின் வட்டார வழக்கு ஒட்டியிருக்கும்.

என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க ஃப்ரைபுர்க் நகரம் கைகொடுக்கும். ஜெர்மன் நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரிக்க 1914ல் யோன் மையர் அங்கே ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கினார். இப்போது அது ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தின் வெகுஜனப் பண்பாடு, இசை ஆய்வு மையத்துக்குள் இருக்கிறது. பாட்டுகளின் வரலாற்றையும் பாடபேதங்களையும் சொல்லும் அகராதி ஒன்றை இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். ஒரே பாட்டு ஊருக்கு ஊர் மாறும். உங்கள் பாட்டி பாடியது எந்த வட்டாரத்து வடிவம் என்று தெரிந்தால், அவர் அதை எங்கே கற்றார் என்று ஊகிக்க ஒரு பிடி கிடைக்கும்.

ஒரே மெட்டுக்குள் இரண்டு தலைமுறைக்கு இரண்டு கதை இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். 'முஸ் இ டென்' என்று தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வேபிய வட்டாரத்து நாட்டுப்பாட்டு ஒன்று. அந்த மெட்டில் அமைந்த ஆங்கிலப் பாட்டை எல்விஸ் பிரெஸ்லி 1960ல் ஒரு படத்தில் பாடினார். 1961ல் ஜோ டவல் பாடியது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. என் மாமியாருக்கு அது வானொலிப் பாட்டு. அம்மாவும் அதை முணுமுணுப்பார், ஆகவே அம்மாவுக்கும் வானொலிப் பாட்டு பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஊரை விட்டுப் போகிறவன் பாடும் அந்தப் பாட்டை, கப்பல் கரையை விட்டு விலகும்போது பேண்ட் வாசிப்பது ஜெர்மன் துறைமுகங்களின் பழைய வழக்கம். ஓமா அதைக் கேட்டது ப்ரெமர்ஹாஃபனில், தளத்துக் கம்பியைப் பிடித்தபடி. முதலில் எங்கே கேட்டீர்கள் என்று நான் கேட்டிராவிட்டால் இது வந்திருக்காது.

பாட மறுத்த பாட்டு

பட்டியலின் பின்பக்கத்தில் இதையும் எழுதுங்கள்: எந்தப் பாட்டை அவர் பாட மாட்டார், எது வந்தால் எழுந்து போய்விடுவார். ஓமாவுக்குக் கூட்டமாக நடந்துகொண்டே பாடும் பாட்டுகள் ஆகாது. பேரப்பிள்ளைகள் கோடை முகாமில் கற்றுவந்து பாடினால் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். காலில் வலி, நடக்கவே பிடிக்காது, அதனால்தான் என்று வீட்டில் ஒரு விளக்கம் இருந்தது.

வருடத்தைப் போட்டுப் பார்த்தால் வேறு விளக்கம் கிடைக்கிறது. ஹிட்லர் இளைஞர் அமைப்பைப் பற்றிய சட்டம் 1936 டிசம்பரில் வந்தது. 1939 மார்ச் முதல் 10 வயதிலிருந்து 18 வயது வரை எல்லோரும் சேர்வது கட்டாயமானது. பெண் குழந்தைகளுக்கு 14 வயது வரை யுங்மேடல், அதன் பிறகு பெ.டெ.எம். என்று சுருக்கிச் சொல்லப்பட்ட பெண்கள் அமைப்பு. அங்கே பாட்டுக்கு முக்கிய இடம். அதற்கென்றே பாட்டுப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தார்கள். பழைய நாட்டுப்பாட்டும் புதிய நாஜிக் கட்சிப் பாட்டும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 1927ல் பிறந்து நன்றாகப் பாடிய ஒரு பெண் முன்வரிசையில் நின்றிருப்பார். ஓமாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். "எல்லாச் சரணமும் எனக்குத் தெரியும், அதுதான் பிரச்சினை" என்றார். அதை அப்படியே எழுதினேன், விளக்கவுரை சேர்க்கவில்லை.

இதில் ஒரு படி மேலே போக வேண்டியிருந்தது. அப்பா ஆசிரியர் என்று தெரிந்துவிட்டதே. அந்தக் காலத்து ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் கட்சியின் ஆசிரியர் சங்கத்தில் இருந்தவர்கள். நாஜிக் கட்சியின் உறுப்பினர் அட்டைகள் பெர்லினில் புண்டஸ்ஆர்ஷிவ் என்ற மத்திய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் மைக்ரோஃபிலிம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் உண்டு. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் கொடுத்து விண்ணப்பித்தால் தேடிச் சொல்வார்கள். எங்களுக்கு அட்டை கிடைத்தது. சேர்ந்த தேதி 1937 மே 1. பல வருடம் மூடியிருந்த உறுப்பினர் சேர்க்கையைக் கட்சி திறந்துவிட்ட நாள் அது; அரசு ஊழியர்கள் பலரின் அட்டையில் அதே தேதி இருக்கும்.

என் மாமியார் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "எழுதிடு. ஆனால் வேலைக்காகத்தான் சேர்ந்தார் என்றும் எழுது" என்றார். எழுதினேன், ஆனால் அது அவருடைய மகள்வழிப் பேத்தியான என் மாமியாரின் வாக்காகத்தான் இருக்கிறது: "என் மாமியார் இப்படி நம்புகிறார்." ஒரு ஜெர்மன் பாட்டியின் வாழ்க்கையை எழுதும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுதினால், மிச்சப் பக்கங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். நான் இதில் கறார்.

உங்கள் பாட்டி முதல் உலகப் போருக்கு முன்பே வந்தவர் என்றால் மௌனத்துக்கு வேறு காரணம் இருக்கலாம். 1918ல் அயோவா மாநில ஆளுநர் ஹார்டிங் பள்ளியிலும் பொது இடத்திலும் தொலைபேசியிலும் சர்ச் வழிபாட்டிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று உத்தரவே போட்டார். மற்ற மாநிலங்களிலும் ஜெர்மன் பேச்சுக்கு எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அந்த வருடங்களுக்குப் பிறகு ஜெர்மன் பாட்டு வீட்டுக்குள் மட்டும், அதுவும் கதவைச் சாத்திவிட்டு என்று ஆன குடும்பங்கள் ஏராளம்.

பாட்டுப் புத்தகத்தில் பென்சில்

காகிதங்களில் நான் முதலில் தேடச் சொல்வது பாஸ்போர்ட்டை அல்ல, சர்ச் பாட்டுப் புத்தகத்தையும் பாடகர் குழுவின் ஃபைலையும்.

ஓமாவின் பாட்டுப் புத்தகம் உள்ளங்கையில் அடங்கும் அளவு. கறுப்புத் தோல் அட்டை, தாள் ஓரங்களில் தங்கப் பூச்சு பாதி உதிர்ந்தது. முதுகுப் பக்கம் துணி ஒட்டிப் பழுதுபார்த்திருக்கிறது. முதல் தாளில் ஞானத்தாய் எழுதிக்கொடுத்த வாசகம், ஓமாவின் 14 வயதில், சர்ச்சில் முழு உறுப்பினராகும் உறுதிப்படுத்தல் சடங்கின்போது. அந்த எழுத்து மாமியாருக்கே படிக்க வரவில்லை. ஒரே மாதிரி கூர்கூராக மேலும் கீழும் போகும் கோடுகள். அதுதான் ஸூட்டர்லின். லுட்விக் ஸூட்டர்லின் 1911ல் பள்ளிப் பிள்ளைகளுக்காக வடிவமைத்த கையெழுத்து முறை. 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் பரவியது. 1941ல் நாஜி அரசே அதைப் பள்ளிகளிலிருந்து எடுத்துவிட்டு லத்தீன் எழுத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் படித்தவர்கள் எழுதியதும், பின்னால் படித்தவர்கள் எழுதியதும் பார்த்த மாத்திரத்தில் வேறுபடும். தேதி போடாத பாட்டு நோட்டு ஒன்று கிடைத்தால் இது உதவும், ஆனால் பழைய எழுத்தைக் கடைசிவரை விடாதவர்களும் உண்டு, அதனால் இதை மட்டும் நம்பாதீர்கள்.

படிக்கக் கற்றுக்கொள்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு பாட்டியின் பெயரை முதலில் எழுதிப் பழகுங்கள், பிறகு ஊர்ப் பெயர். இ, என், எம், யு நான்கும் ஒரே கூர்களாகத் தெரியும். யுவின் தலையில் ஒரு வளைவு போட்டிருப்பார்கள், அதைத் தேடுங்கள். கட்டுக்கட்டாகக் கடிதம் இருந்தால் ட்ரான்ஸ்கிரிபஸ் என்ற மென்பொருள் ஓரளவு படித்துத் தரும். பிழை இருக்கும், ஆனால் எந்தக் கடிதத்தை முதலில் படிப்பது என்று முடிவு செய்ய அது போதும்.

பாடகர் குழு ஃபைலில் உள்ள பென்சில் குறிகள் இன்னும் சுவாரசியம். மூச்சு எடுக்கும் இடத்தில் சின்ன காற்புள்ளி, மெதுவாகப் பாட வேண்டிய இடத்தில் அடிக்கோடு, ஓர் இடத்தில் கோபமாக ஆச்சரியக்குறி. பக்கங்களைப் பரப்பிவைத்துப் பார்த்தால், பழைய தாள்களில் குறியெல்லாம் மேலே, சொப்ரானோ என்ற உச்சக் குரலின் வரியில் இருக்கிறது, பிறகு வந்த தாள்களில் ஆல்டோ என்ற தாழ்ந்த பெண் குரலின் வரிக்கு இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் தாளில் இரண்டு வரியிலும் குறி; மேல் வரியின் உச்ச ஸ்வரத்தை மட்டும் வட்டமிட்டு, அம்புக்குறி போட்டுக் கீழே இறக்கியிருக்கிறார். குரல் எப்போது இறங்கியது என்று ஓமா யாரிடமும் சொன்னதில்லை. தாளின் மேல்மூலையில் வருடம் இருந்தது.

குழுக்களின் நிகழ்ச்சி மலர்களையும் விடாதீர்கள். ஜெர்மன் பாட்டுச் சங்கங்கள் அமெரிக்காவில் பெரிய சமாச்சாரம். 1849ல் சின்சினாட்டியில் பல ஊர்க் குழுக்கள் கூடி ஸேங்கர்ஃபெஸ்ட் என்ற பாட்டு விழா நடத்தி, வட அமெரிக்கப் பாடகர் கூட்டமைப்பையும் தொடங்கின. அந்த வழக்கத்தில் விழாவுக்கு விழா மலர் போடுவார்கள், பின்பக்கங்களில் உறுப்பினர் பெயர்கள், குழுப் படங்கள். இரண்டாவது வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்கும் ஆள் உங்கள் பாட்டியாக இருக்கலாம்.

கப்பல், ஊர், தேதி

இப்போது காகித வேலைக்கு வரலாம். இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாட்டுப் பட்டியல் இருந்தால் எந்த வருடத்தில் எங்கே தேடுவது என்று பாதி தெரிந்திருக்கும்.

ஹாம்பர்க்கிலிருந்து கிளம்பியவர்களின் பயணிகள் பட்டியல் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது. ப்ரெமன் வழி போனவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பழைய பட்டியல்களில் ஒரு பகுதியை இடமில்லை என்று அப்போதே அழித்துவிட்டார்கள், மிச்சத்தில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போனது. 1920க்குப் பிந்தையவை ஓரளவு பிழைத்தன. புறப்பட்ட பக்கம் கிடைக்காவிட்டால் வந்து சேர்ந்த பக்கம் பாருங்கள்: நியூயார்க் வந்த பயணிகள் பட்டியல் 1957 வரை ஃபேமிலிசர்ச் என்ற இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

"எல்லிஸ் தீவில் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள்" என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைப் பரிசோதித்த அந்தத் தீவில் அதிகாரிகள் கப்பலிலிருந்து வந்த பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள்; பெயரைப் பெரும்பாலும் குடும்பமே பிறகு மாற்றிக்கொண்டது. தவிர, 1924க்குப் பிறகு பரிசோதனை வெளிநாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகங்களுக்கு மாறிவிட்டது, தீவு பெரும்பாலும் தடுத்து வைக்கும் இடமாகவே இருந்து 1954ல் மூடப்பட்டது. 1950களில் வந்த பாட்டி அந்தத் தீவைப் படகிலிருந்து பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

ஓமா வந்த வழி, இடம்பெயர்ந்தோருக்காக அமெரிக்கா போட்ட 1948 சட்டம். முதலில் அதில் கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மானியர்களுக்கு இடம் குறைவு. 1950ல் திருத்தியபோதுதான் கதவு நன்றாகத் திறந்தது. வேலையும் வீடும் தருகிறோம் என்று அமெரிக்காவில் ஒருவர் உறுதி கொடுக்க வேண்டும். பல பேருக்கு அந்த உறுதியைத் தேடிக்கொடுத்தவை சர்ச் அமைப்புகள். அதனால் முதல் வேலை எங்கே, முதல் வீடு எங்கே என்பதற்குச் சர்ச் ஆவணங்களைக் கேளுங்கள். 1950க்கு முன்பே வந்தவர் என்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள் இருக்கிறது. 72 வருடம் கழித்துத்தான் வெளியிடுவார்கள், 1950ன் தாள்கள் 2022 ஏப்ரலில் வந்தன. குடியுரிமை விண்ணப்பத்தில் உயரம், கண் நிறம், கணவர் பெயர், பழைய முகவரி எல்லாம் கிடைக்கக்கூடும்.

ஜெர்மனியில் 1876 ஜனவரி முதல் நாடு முழுவதும் அரசுப் பதிவு அலுவலகம் உண்டு, பிரஷ்யாவில் 1874 அக்டோபர் முதலே. பிறப்புப் பதிவு 110 வருடம், திருமணம் 80, இறப்பு 30 வருடம் அலுவலகத்தில் இருந்துவிட்டுக் காப்பகத்துக்குப் போகும். நேரடி வாரிசுகள் அதற்கு முன்பே நகல் கேட்கலாம். ஊர் இன்றைக்குப் போலந்தில் இருந்தால் பெயரே மாறியிருக்கும். ப்ரெஸ்லா இப்போது வ்ரோத்ஸ்வாஃப். போலந்து அரசுக் காப்பகங்களிலும் பெர்லினின் முதலாம் எண் பதிவு அலுவலகத்திலும் சில பதிவேடுகள் பிழைத்திருக்கின்றன. கிராமம் எது என்றே குழப்பமாக இருந்தால், பழைய ஜெர்மன் பேரரசின் ஊர்களைப் பட்டியலிட்ட மையர்ஸ் ஊர் அகராதியை இணையத்தில் பாருங்கள்.

பலர் கேள்விப்படாத காப்பகம் ஒன்று ஜெர்மனியின் பைராய்ட் நகரில் இருக்கிறது, நஷ்டஈட்டு ஃபைல்களுக்கானது. கிழக்கில் சொத்தை இழந்து வந்தவர்களுக்கு மேற்கு ஜெர்மனி 1952ல் நஷ்டஈட்டுச் சட்டம் கொண்டுவந்தது. வீடு, நிலம் என்ன இருந்தது என்று விண்ணப்பம், பழைய அண்டை வீட்டாரின் சாட்சியம், சில சமயம் கையால் வரைந்த மனைப்படம் எல்லாம் அந்த ஃபைல்களில் உண்டு. அமெரிக்கா போகாமல் ஜெர்மனியிலேயே தங்கிய உறவினர் யாராவது விண்ணப்பித்திருப்பார்கள். எங்கள் விஷயத்தில் ஓமாவின் அப்பாதான்: ஒரு சின்ன வீடு, ஒன்பது ஆப்பிள் மரம்.

டேப்புகள்

ஓமாவும் ஜெர்மனியில் இருந்த அவருடைய தங்கையும் 1970களில் ஒருவருக்கொருவர் கேசட்டில் பேசிப் பாடி அனுப்பிக்கொண்டவர்கள். ஷூ பெட்டி நிறைய. இப்படி ஏதாவது உங்களுக்குக் கிடைத்தால், ப்ளேயரில் போடும் முன் செய்ய வேண்டியது ஒன்று: கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அவற்றை உடைத்துவிடுங்கள். அப்புறம் தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. பெரிய சுருள் டேப்பாக இருந்து, புளித்த வாடை அடித்தாலோ ஒட்டிக்கொண்டு கீச்சிட்டாலோ ஓட்டாதீர்கள், தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கணினிக்கு மாற்றும்போது வேவ் வடிவத்தில், 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ். மூலப் பதிவில் இரைச்சலை நீக்காதீர்கள். சுத்தம் செய்ததைத் தனி நகலாக வையுங்கள். காரணம் சொல்கிறேன். பழைய வீட்டுப் பதிவுகளில் அடியில் மின்சாரத்தின் ரீங்காரம் மெல்லக் கேட்கும். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், ஜெர்மனியில் 50. உறை தொலைந்துபோன கேசட்டில் பாடுவது அக்காவா தங்கையா என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ரீங்காரத்தை அளந்தால் எந்த நாட்டில் பதிவானது என்று தெரிந்துவிடுகிறது. ப்ளேயர் வேகம் பிசகியிருந்தாலும் இதே ரீங்காரத்தை வைத்துச் சரிசெய்யலாம், இல்லாவிட்டால் பாட்டியின் குரல் அரை ஸ்வரம் ஏறிப்போய் யாரோ போலக் கேட்கும்.

கேட்டுக்கொண்டே நிமிடக் கணக்கு எழுதுங்கள். பாட்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு நடுவில் உள்ள பேச்சைத் தள்ளாதீர்கள். ஒரு பாட்டு முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில்தான், "இதை அம்மா எப்படி இழுப்பாள் ஞாபகம் இருக்கா?" என்று தங்கையிடம் கேட்கிறார்.

பாட்டுக்கு ஒரு பக்கம்

எழுதும்போது 1927ல் தொடங்கி வரிசையாகப் போகாதீர்கள். நான் பாட்டுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டேன், தேதிகளை ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டேன். மேலே பாட்டின் முதல் வரி, கீழே யாரிடம் கற்றார், எங்கே பாடினார், யாருக்குக் கொடுத்தார், எப்போது நிறுத்தினார்.

ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். பிராம்ஸின் தாலாட்டு, 1868ல் வந்தது, உலகமே அறிந்த மெட்டு. அதில், கடவுள் விரும்பினால் காலையில் மறுபடி எழுப்பப்படுவாய் என்று ஒரு வரி வரும். அந்த வரி வந்ததும் ஓமா சொற்களை விட்டுவிட்டு வாயை மூடி மெட்டை மட்டும் முனகுவார். மூன்று கேசட்டிலும் அப்படியே. ஏன் என்று கேட்டால் மாமியார் சொல்வது: சின்ன வயதில் அந்த 'விரும்பினால்' அவரைப் பயமுறுத்தியது, தன் பிள்ளைகளைப் பயமுறுத்த அவர் விரும்பவில்லை. மாமியாரின் தம்பி சொல்வது வேறு: 1945 ஜனவரியில் பனியில் நடந்து போன வழியில் ஒரு நாள் காலையில் ஓமாவின் கடைசித் தம்பி எழுந்திருக்கவில்லை. இரண்டையும் எழுதினேன், யார் சொன்னது என்ற பெயரோடு, ஒன்றின் கீழ் ஒன்றாக. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. தம்பி ஒருவன் இருந்ததும் இறந்ததும் மட்டும் தனியாக, பதிவேட்டு எண்ணோடு ஓரத்தில் இருக்கிறது.

பாட்டு வரிகளை அவர் பாடியபடியே எழுதுங்கள். அச்சில் இருப்பதோடு ஒத்துப்போகாத சொல்லைத் திருத்தாதீர்கள், அடிக்குறிப்பில் அச்சு வடிவத்தைச் சொல்லிவிடலாம். குழுத் தோழிகளின் கதைகளையும் சேருங்கள், ஆனால் உயிரோடு இருப்பவர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகு. அப்புறம் தயவுசெய்து "அன்பே உருவானவர்" என்று எழுதாதீர்கள். எங்கள் ஓமா சுதி விலகியவரை முறைக்கும் முறைப்பில் பக்கத்தில் நிற்பவரும் பாட்டை நிறுத்திவிடுவார் என்று குழுவில் எல்லோரும் சொல்கிறார்கள். அதை எழுதினேன்.

எங்கே வைப்பது

குடும்பத்துக்குள் நாலு வீட்டில் நான்கு பிரதி, ஒலிக்கோப்புகள் இரண்டு வேறு வட்டில். வெளியே கொடுப்பதாக இருந்தால் விஸ்கான்சின் பக்கத்தவர்களுக்கு மாடிசனில் உள்ள மாக்ஸ் காடே நிறுவனம் இருக்கிறது. 1983 முதல் இயங்கும் அது அமெரிக்க ஜெர்மானியர்களின் பேச்சு வழக்குப் பதிவுகளை வைத்திருக்கிறது. மற்ற ஊர்களில் மாவட்ட வரலாற்றுச் சங்கம், பாட்டி பாடிய சர்ச்.

இணையத்தில் போடும் முன் பாட்டின் உரிமையைப் பாருங்கள். பழைய நாட்டுப்பாட்டுகளுக்குத் தடையில்லை. 1930கள் முதல் 50கள் வரை வந்த ஜெர்மன் மெல்லிசைப் பாட்டுகளில் பலவற்றுக்கு இன்னும் உரிமை இருக்கும். ஜெர்மனியில் எழுதியவர் இறந்து 70 வருடம் வரை அது நீடிக்கிறது. அதுமாதிரிப் பாட்டைக் குடும்பத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பகத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கோப்போடும் ஒரு தாள் இருக்கட்டும்: பாடுவது யார், பின்னால் பேசுவது யார், எந்த ஊர், எந்த வருடம், வட்டார வழக்கு எது. வருடம் உறுதியில்லாவிட்டால் "சுமார்" என்று போடுங்கள். பின்னால் கேட்கும் குழந்தைக் குரலுக்கும் பெயர் எழுதுங்கள்.